துணைத் தலைவர் யாரு?

ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கம் செய்யும் வழக்கு என்று யார் கட்டோடு வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் குற்றச்சாட்டு என்னவென்று கேட்பதில்லை. "துணைத் தலைவர் யாரு?" என்றுதான் கேட்பேன். வந்தவர் ஒரு கணம் திகைப்பார். பிறகு கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்: எந்தத் தெரு, யாருக்கு மாமன், போன தேர்தலில் நின்று தோற்றவரா, இல்லை நிற்கவே முடியாமல் போனவரா என்று. கட்டில் இருக்கும் காகிதங்களைவிட அந்தப் பதிலில் வழக்கு அதிகம் இருக்கும்.

காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சித் தலைவரை ஊரே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்குக் கிடையாது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் இருவரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தலைவரின் நாற்காலி காலியானால், அடுத்த தலைவர் வரும்வரை அதிகாரம் துணைத் தலைவரிடம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றும் தவறில்லை. தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் ஊரில் இவை எல்லாம் ஒன்றுசேரும்போது என்ன நடக்கும் என்பதை எனக்குக் காட்டியது 2013இல் வந்த ஒரு வழக்கு.

ஊர்ப் பெயர் வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குக் கீழே வரும் தென்மாவட்டம் ஒன்று, ஒன்பது வார்டு உள்ள ஊராட்சி என்றால் போதும். 2011 அக்டோபர் தேர்தலில் ஜெயித்தவர் அந்த அம்மா. பத்தாம் வகுப்பு வரை படித்தவர், களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். அதனால், பெண் தலைவர்கள் பலருக்கு நடப்பதுபோல் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி கையெழுத்து மட்டும் போடுகிற வேலை இந்த ஊரில் நடக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு அதுவே முதல் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். துணைத் தலைவர், காலனிப் பெண்ணை நிறுத்தி ஜெயிக்கவைத்தால் எல்லாவற்றையும் நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு அவருக்கு ஓட்டுச் சேர்த்தவர்களில் ஒருவர். இதை என்னிடம் சொன்னது அந்த அம்மாவேதான், சிரித்துக்கொண்டு.

"எனக்கு ஓட்டுக் கேட்டு தெருத்தெருவா வந்தவரு சார் அவரு. இப்ப பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு, மீட்டிங்ல."

வரும்போது அவர் கையில் இருந்தது மாவட்ட ஆட்சியரின் நோட்டீஸ். ஆட்சியருக்கு இந்தச் சட்டத்தில் இன்னொரு தொப்பி உண்டு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்று பெயர். 205ஆம் பிரிவு, எங்கள் பேச்சில் 'டூ நாட் ஃபைவ்', அவருக்குத் தலைவரை நீக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அவர் தாமாகவும் நடவடிக்கை எடுக்கலாம். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர்களில் இருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எடுக்கலாம். இங்கே ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஸ்டே வாங்கிருங்க சார்" என்றார்.

விளக்கம் கேட்கும் நோட்டீஸுக்கு எதிராக ரிட் போட்டால், பதில் சொல்லுங்கள், முடிவு வந்த பிறகு வாருங்கள் என்றுதான் நீதிமன்றம் பெரும்பாலும் திருப்பியனுப்பும். அதைச் சொன்னபோது அவருக்கு என்மீது நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது தெரிந்தது. வழக்குப் போடாத வக்கீலை யார் மதிப்பார்கள்? ஆனால் 205 வழக்குகளில் வெற்றியோ தோல்வியோ அந்த விளக்கத்தில்தான் விதைக்கப்படுகிறது. பிறகு நீதிமன்றத்தில் நாம் என்ன கத்தினாலும், 'இதை அன்றைக்கு ஏன் சொல்லவில்லை' என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடும்.

தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், வவுச்சர் கோப்பு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். தீர்மான நோட்டு ஊராட்சி உதவியாளரிடம் இருந்தது. அவர் துணைத் தலைவர் தெருக்காரர். கொடுக்க மறுத்தார். அந்த அம்மா அலுவலகத்திலேயே உட்கார்ந்து, தேவையான பக்கங்களை ஒரு கோடு போட்ட நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டத் தேதி, வந்தவர் பெயர், வராதவர் பெயர், தீர்மான எண் எல்லாம் அப்படியே. எத்தனையோ ஜூனியர்களிடம் நான் பார்க்காத சுத்தம் அது.

குற்றச்சாட்டுகள் நான்கு. கூட்டம் முறையாக நடத்தவில்லை. தீர்மானம் இல்லாமல் மோட்டார் பழுது பார்த்தார். தெருவிளக்குச் சாமான்கள் வாங்காமல் ஊரை இருட்டில் வைத்தார். காலனிக்கு அனுமதி இல்லாமல் குடிநீர்க் குழாயை நீட்டினார்.

முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் அந்தக் கோடு போட்ட நோட்டிலேயே இருந்தது. கூட்ட அறிவிப்பு ஒவ்வொரு முறையும் போயிருக்கிறது. ஏழு பேரும் வாங்க மறுத்திருக்கிறார்கள், அல்லது வாங்கிக்கொண்டு வராமல் இருந்திருக்கிறார்கள். வராதவர்களே கூட்டம் நடக்கவில்லை என்று புகார் எழுதியிருந்தார்கள். தெருவிளக்குக்கும் அதே கதைதான்: பட்டியல் தயார், காசோலை தயார், துணைத் தலைவரின் கையெழுத்து மட்டும் இல்லை. சட்டத்தின் 188ஆம் பிரிவு இரண்டு கையெழுத்துக் கேட்டது ஒருவர் தனியாகப் பணத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல நோக்கம். ஆனால் ஒருவர் தனியாக ஊராட்சியையே நிறுத்திவைக்கவும் அதே பிரிவு வழிவிடுகிறது. நிறுத்தியவர் யார் என்று புகாரில் இருக்காது. விளக்கு எரியவில்லை என்று மட்டும் இருக்கும்.

மோட்டார் குற்றச்சாட்டு உண்மை. கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காயில் கருகிவிட்டது. விலைப்புள்ளி கேட்காமல், தீர்மானம் போடாமல், தெரிந்த கடையில் கடன் சொல்லி வைண்டிங் செய்து, புது ஸ்டார்ட்டரும் வாங்கி ஓட்டவைத்துவிட்டார். இதை மறைக்க வேண்டாம் என்றேன். விளக்கத்தில் நேராகவே எழுதினோம்: செய்தேன், இந்தத் தேதியில், இத்தனை ரூபாய்க்கு, ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாததால். 205ஆம் பிரிவு விதிமீறல் எல்லாவற்றையும் தண்டிப்பதில்லை. வேண்டுமென்றே செய்யத் தவறியிருக்க வேண்டும், மறுத்திருக்க வேண்டும், அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பஞ்சாபில் ராஜ்புரா நகராட்சித் தலைவரை நீக்கிய வழக்கில், தர்லோசன் தேவ் சர்மா வழக்கு என்பார்கள், 2001இலேயே உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டது. மக்கள் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுத்தவரை நடுவில் இறக்க, எங்கோ ஓரிடத்தில் கை தவறியது போதாது.

நான்காவது குற்றச்சாட்டைப் படிக்கும்போது அவர் குரல் மாறியது. குழாய் நீட்டியது உண்மை. தீர்மானமும் இருந்தது, ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட பழைய தீர்மானம், உறவு கெடுவதற்கு முன்னால் போட்டது. அப்படியானால் உறவு எப்போது கெட்டது என்று கேட்டேன்.

"மீன்பாசி ஏலம் சார்."

இது நான்கு குற்றச்சாட்டுகளில் எதிலும் இல்லை. ஊராட்சியின் பொறுப்பில் ஒரு சிறு கண்மாய் இருந்தது. அதன் மீன்பாசி உரிமை வருஷாவருஷம் ஏலம் போகும், காகிதத்தில். நடப்பில், துணைத் தலைவரின் பங்காளிகள் வட்டத்தில் முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். ஊராட்சிக்குக் கட்டுவது பேருக்கு ஒரு தொகை. அந்த அம்மா தண்டோரா போடவைத்து, பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். ஏலம் அன்றைக்கு நடக்கவில்லை, நடக்கவிடவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் கூட்டத்திலிருந்துதான் ஏழு பேர் 'வரவில்லை' என்ற வரி தீர்மான நோட்டில் தொடங்குகிறது. அவர் கையால் எழுதிவந்த நகலில் அந்த இடத்துக்கு நேரே நான் ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.

இந்த நாட்டில் இப்படிப் பதவியிலிருந்து இறக்கச் சட்டத்தைத் தேடிவருவதே ஒருவகை முன்னேற்றம் என்று சொல்பவர்கள் உண்டு. கசப்பாக இருந்தாலும் அதில் உண்மை இருக்கிறது. எங்கள் நீதிமன்றம் நிற்கும் அதே மேலூர்ச் சாலையில் போய்ப் பிரிந்தால் மேலவளவு வரும். ஒதுக்கீட்டுத் தொகுதியில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுக் காலம் ஒதுக்கீட்டுத் தேர்தலை நடத்தவிடாமலும், நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா எழுதிக்கொடுக்கும்படியும் பார்த்துக்கொண்டார்கள். 2006இல்தான் ஒழுங்கான தேர்தல் நடந்தது. அங்கெல்லாம் 205 தேவைப்படவில்லை. தேவைப்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. அரிவாள் எடுத்தால் ஆயுள் தண்டனை என்று தெரிந்த பிறகு, மனு எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

விளக்கம் பதினோரு பக்கம் வந்தது. அதோடு ஒரு தனிக் கடிதமும் அனுப்பினோம். உதவி இயக்குநர் வந்து விசாரித்து ஓர் அறிக்கை கொடுத்திருப்பதாக நோட்டீஸ் சொல்கிறது, அந்த அறிக்கையின் நகல் வேண்டும் என்று. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அறிக்கை வரவில்லை. ஒப்புகை அட்டை வந்தது. அதைக் கோப்பில் குத்தும்போது என் குமாஸ்தா, "கேட்டா குடுக்கவா போறாங்க, எதுக்கு சார் தபால் செலவு?" என்றார். கொடுக்காமல் இருந்தால் நல்லது என்று அவரிடம் சொல்லவில்லை.

அதற்கிடையில் காசோலைக் கையெழுத்து அதிகாரத்தையும் பறித்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ஓர் உத்தரவு வந்தது, 203ஆம் பிரிவின் கீழ் என்று போட்டு. அந்தப் பிரிவு பொதுமக்கள் பாதுகாப்புக்கு உடனே செய்தாக வேண்டிய காரியத்துக்கான அவசரப் பிரிவு. வெள்ளம் வந்தால், கொள்ளைநோய் பரவினால் உதவும். துணைத் தலைவருக்குக் கோபம் வந்தால் உதவும் என்று அதில் எழுதவில்லை. அதை எதிர்த்துப் போட்ட ரிட்டில் தடை எளிதாகவே கிடைத்தது. அதிகாரம் திரும்பிவந்தது, இரண்டில் ஒரு கையெழுத்தாக.

ஆட்சியர் விளக்கத்தை ஏற்கவில்லை. அப்படி ஏற்காவிட்டால், நோட்டீஸ், விளக்கம், நீக்குவதற்கான முன்மொழிவு மூன்றையும் வட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஏழு நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டு, தாமே தலைமை வகித்து, அந்த மூன்றையும் வாசித்துக் காட்டி, உறுப்பினர்களின் கருத்தைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். கூட்டத்துக்கு வக்கீல் போக முடியாது. போவதற்கு முன் அந்த அம்மாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "கூட்டத்தில் உங்கள் விளக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்தாலும் சரி, வாசிக்காவிட்டாலும் சரி, கேட்டதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்."

அன்று மத்தியானம் போன் வந்தது. வட்டாட்சியர் நோட்டீஸைப் படித்தார். விளக்கம் என்று இவர் கேட்டதும், "அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா, ஒங்க ஊரு விவகாரம்தானே" என்று சொல்லி ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். ஏழு பேர் 'நீக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். ஒருவர் வரவில்லை. இவர் ஆட்சேபம் எழுதக் கேட்டபோது நோட்டு மூடப்பட்டுவிட்டது.

முந்தைய காலமாக இருந்தால் உடனே தந்தி கொடுக்கச் சொல்லியிருப்பேன். நேரம், தேதி முத்திரையோடு நின்று சாட்சி சொல்லும் காகிதம் தந்தி. எங்கள் தொழிலில் எத்தனை வழக்குகளை அது காப்பாற்றியிருக்கிறது! ஆனால் அந்த வருஷம் ஜூலையோடு தந்தி சேவை நின்றுபோயிருந்தது. துணை அஞ்சலகம் மூடுவதற்குள் போய், நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் பதிவுத் தபால் போடச் சொன்னேன். போட்டுவிட்டார்.

பிறகு மாவட்ட அரசிதழில் அறிவிக்கை வந்தது. தலைவர் நீக்கப்படுகிறார். காரணம் என்று இருந்தது ஏறக்குறைய ஒரே வரி: விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை, உறுப்பினர்களில் பெரும்பாலோர் நீக்கத்தை ஆதரித்துள்ளனர். அலுவலகச் சாவி அன்று சாயங்காலமே துணைத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டது.

மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்து, அட்மிஷனுக்கு வந்தபோது அரசு வழக்கறிஞர் இரண்டு ஆட்சேபம் எழுப்பினார். இரண்டுமே சாதாரணமானவை அல்ல. ஒன்று, நீக்க அறிவிக்கையை ரத்துசெய்யும் அதிகாரம் அதே 205ஆம் பிரிவில் அரசுக்கு இருக்கிறது, மனுதாரர் அங்கே போகட்டும். இரண்டு, ஒன்பதில் ஏழு பேர் வேண்டாம் என்கிறார்கள், பெரும்பான்மை இழந்தவரை நீதிமன்றம் உட்காரவைக்கலாமா?

முதலாவதற்கு எங்களிடம் வழக்கமான பதில் இருந்தது: இயற்கை நீதி மீறப்பட்ட இடத்தில் மாற்று வழி தடையாகாது. கேட்டும் கொடுக்காத அறிக்கை, அதற்கான ஒப்புகை அட்டை. இரண்டாவதுதான் வழக்கின் உயிர். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்பது ஊராட்சி ஒன்றியக் குழுத் தலைவருக்கு உண்டு, ஏனென்றால் அவரைத் தேர்ந்தெடுத்ததே உறுப்பினர்கள்தான். கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கிராம ஊராட்சித் தலைவருக்கு அது கிடையாது. அவருக்கு ஓட்டுப் போட்டது ஒன்பது வார்டும் சேர்ந்த ஊர். உறுப்பினர்களிடம் சட்டம் கேட்பது கருத்து. தீர்ப்பு ஆட்சியருடையது, அதுவும் குற்றச்சாட்டின் மீது, தலையெண்ணிக்கையின் மீது அல்ல. ஏழு பேர் பிடிக்கவில்லை என்றதைக் காரணமாக எழுதிக்கொண்டு நீக்கினால், சட்டமன்றம் வேண்டுமென்றே கொடுக்காமல் விட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆட்சியர் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிட்டார் என்று ஆகும்.

அதோடு, அப்போது புதிதாக இருந்த ஒரு தீர்ப்பையும் வைத்தேன். மகாராஷ்டிரத்தில் உரண் நகராட்சித் தலைவர் ரவி யஷ்வந்த் போயர் நீக்கப்பட்ட வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்குவது அவரை மட்டுமல்ல, அவரைத் தேர்ந்தெடுத்தவர்களையும் பாதிக்கும்; அதனால் நடைமுறையைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், உத்தரவில் காரணம் இருக்க வேண்டும்.

நீதிபதி அரசிதழ் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கத்தில் சொன்ன எந்த விஷயத்துக்கு இதில் எங்கே பதில் இருக்கிறது என்று அரசுத் தரப்பைக் கேட்டார். கோப்பில் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியானால் கோப்பைக் கொண்டுவாருங்கள், அதுவரை அறிவிக்கைக்கு இடைக்காலத் தடை.

தடை வாங்குவது பாதி வேலைதான் என்பது ஊராட்சி வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும். சான்றிட்ட நகல் வர வேண்டும், அதை ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் முத்திரையோடு சேர்க்க வேண்டும், அங்கிருந்து ஒன்றியத்துக்கு இறங்க வேண்டும். அதுவரை, "எங்களுக்கு ஒண்ணும் வரலியே" என்பார்கள். சாவி திரும்பி வந்தபோது தீர்மான நோட்டில் துணைத் தலைவர் தலைமையில் ஒரு கூட்டம் நடந்து முடிந்திருந்தது. முதல் தீர்மானமே மீன்பாசி உரிமை பற்றியது. என்னிடம் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. "நான் சொன்னேன்ல சார்" என்றார்.

இறுதி விசாரணையில் கோப்பு வந்தது. அரசு வழக்கறிஞரின் மேசையில் நின்றபடியே புரட்டினேன். வட்டாட்சியரின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, அவரே எழுதியது. நோட்டீஸ் வாசிக்கப்பட்டது, தலைவரின் விளக்கம் வாசிக்கப்பட்டது, முன்மொழிவு வாசிக்கப்பட்டது, உறுப்பினர்களின் கருத்து கேட்கப்பட்டுப் பதிவுசெய்யப்பட்டது. எல்லாம் சட்டத்தின் வாசகங்களை வரிசையாக எடுத்து எழுதியதுபோல் இருந்தது. மேலே, கூட்டம் தொடங்கிய நேரம் காலை 11.00. கீழே, முடிந்த நேரம் 11.15.

பதினோரு பக்க விளக்கத்தை நான் நீதிபதியிடம் நீட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், வீண் வாதம் செய்யமாட்டார். கோப்பிலுள்ள நேரத்துக்குத் தம்மிடம் விளக்கமில்லை என்றார். அதே மத்தியானம் அந்த அம்மா அனுப்பிய பதிவுத் தபாலும் அந்தக் கோப்பிலேயே, யாரும் குறிப்பு எழுதாமல், வரிசை எண் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. உதவி இயக்குநரின் அறிக்கையும் இருந்தது. அதில் தெருவிளக்குப் பட்டியலுக்குத் துணைத் தலைவர் கையெழுத்திடவில்லை என்று ஒரு வரி. அதை எங்களுக்குக் கொடுக்காமல் இருந்ததற்கு அந்த வரி போதுமான காரணம்.

அறிவிக்கை ரத்தானது. ஆனால் முழு வெற்றி என்று சொல்ல முடியாது. நடைமுறைக் குறையால் ரத்தாகும் உத்தரவு பெரும்பாலும் புதிதாகப் பரிசீலிக்கத் திருப்பி அனுப்பப்படும்; இங்கும் அப்படித்தான். அறிக்கையின் நகலைக் கொடுத்து, விளக்கம் பெற்று, சட்டப்படி மறுபடி முடிவெடுக்கலாம் என்றது தீர்ப்பு. அதாவது முதல் படியிலிருந்து மறுபடியும். அதற்குள் மாவட்டத்துக்கு வேறு ஆட்சியர் வந்துவிட்டார். அவர் புதிய விளக்கத்தைப் படித்துவிட்டு மேல்நடவடிக்கையைக் கைவிட்டார். அதற்கும் அதே 205இல் இடம் இருக்கிறது, முதலிலிருந்தே இருந்தது.

ஒரு நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். இதே பிரிவில் நான் மறுபக்கத்திலும் நின்றிருக்கிறேன். நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டில் செத்தவர்கள் பெயரைப் போட்டுச் சம்பளம் எடுத்த தலைவர் ஒருவரை நீக்கக் கோரிய உறுப்பினர்களுக்காக வாதாடினேன். நோட்டீஸ், விளக்கம், கூட்டம், தடை, பதில் மனு என்று இழுத்து இழுத்து அவருடைய பதவிக்காலமே முடிந்துவிட்டது. இங்கே ஒரு பெண்ணைக் காப்பாற்றிய அதே நடைமுறைகள் அங்கே ஒரு திருடரையும் காப்பாற்றின. மக்களே ஓட்டுப் போட்டுத் திருப்பி அழைக்கும் முறை மத்தியப் பிரதேசத்தில் உண்டு. 2001இல் அனுப்பூரில் ஒரு நகராட்சித் தலைவரை அப்படி இறக்கவும் செய்தார்கள். இங்கேயும் வரட்டும் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். சாதிக்கு ஒரு தெருவாகப் பிரிந்துகிடக்கும் ஊரில், சிறுபான்மைத் தெருவிலிருந்து ஒதுக்கீட்டில் வந்த தலைவரை அந்த வாக்கெடுப்பில் எத்தனை மாதம் உட்காரவிடுவார்கள் என்று யோசித்தால் எனக்கு உற்சாகம் வருவதில்லை. தாமதத்தோடு இருக்கும் 205ஆம் பிரிவே பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் அல்ல இது. 2024இல் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் விச்கேடா என்ற ஊரின் பெண் தலைவரை, அரசு நிலத்தில் கட்டிய வீட்டில் குடியிருக்கிறார் என்று சொல்லிப் பதவியிலிருந்து நீக்கிய உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. ஒரு பெண் தங்களுக்காக முடிவெடுப்பதை ஊர்க்காரர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று நீதிபதிகள் வெளிப்படையாகவே எழுதினார்கள். எங்கள் வழக்கின் தீர்ப்பில் அப்படி ஒரு வரி இல்லை. சாதி, மீன்பாசி, பேர் சொல்லிக் கூப்பிட்டது எதுவும் அதில் இல்லை. 11.00, 11.15 இரண்டும் இருந்தன. வழக்கை ஜெயிக்க அவை போதுமாக இருந்ததால் மற்றவற்றை நான் வாதத்தில் அழுத்தவில்லை. மனுவில் எழுதியதோடு நிறுத்திக்கொண்டேன். அதிகாரியின் உள்நோக்கத்தை நிரூபிப்பது மிகக் கடினம். அதைப் பிடித்துத் தொங்கினால் கையில் இருக்கும் நல்ல வாதமும் நழுவும். இன்று அந்த வழக்கு வந்தாலும் அப்படியேதான் நடத்துவேன்.

நாற்காலி திரும்பக் கிடைத்தாலும் இரண்டாவது கையெழுத்து கிடைக்கவில்லை. துணைத் தலைவர் மறுபடியும் காசோலைகளை அப்படியே வைத்துக்கொண்டார். அதற்கும் ஒரு ரிட் போடலாமா என்று அந்த அம்மா கேட்டார். மனுவைத் தயார் செய்துகொண்டிருந்தபோதே வேண்டாம் என்று போன் பண்ணினார். தெருவிளக்குச் சாமான் வாங்காததால் கடைசியாக எரிந்துகொண்டிருந்த குழல்விளக்குகளும் போய்விட்டன; அவை இருந்தது துணைத் தலைவரின் தெருவில். நீக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் மூன்று பேருக்கு, உறவினர் பெயரில் எடுத்த சிமெண்ட் சாலை வேலையின் பில் நிலுவையில் இருந்தது. அவர்களே போய்ப் பேசினார்கள். கையெழுத்து வந்தது.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடியும்வரை அவர் தலைவராக இருந்தார். அந்த வருஷம் நடக்க வேண்டிய தேர்தல் நின்றுபோய், தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் வந்தபோது அவர் நிற்கவில்லை; மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்காரரோடு திருப்பூரில் இருந்தார்.

மீன்பாசி ஏலம் மட்டும் அவர் பதவியில் இருந்தபோதே, ஒன்றிய அலுவலர் முன்னிலையில், தண்டோரா போட்டு, வெளியூர்க்காரர்களும் கேட்கும்படி நடந்தது. துணைத் தலைவர் போட்ட பழைய தீர்மானம் ரத்துசெய்யப்பட்டிருந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் எடுத்தது துணைத் தலைவரின் மைத்துனர்தான், வழக்கமாகக் கட்டுவதைப்போலப் பல மடங்குக்கு. பணம் ஊராட்சிக் கணக்கில் ஏறியது.